கடைத்தெருவில் சும்மா நிற்க ஒரு காரணம்

குடியாத்தம் கடைத்தெருவில் ஒருத்தர் சும்மா நின்றால் எத்தனை நிமிஷம் நிற்கலாம்? அது ஆளைப் பொறுத்தது. இருபது வயசுப் பையன் டீக்கடை வாசலில் சாயங்காலம் முழுக்க நிற்கலாம். டீ கூட வாங்க வேண்டியதில்லை, ஃப்ரெண்டு வண்டியில் சாய்ந்திருந்தால் போதும். அதே வயசுப் பொண்ணு அதே இடத்தில் அஞ்சு நிமிஷம் நின்றால், ஆறாவது நிமிஷம் யாராவது வந்து கேட்பார்கள். "என்னம்மா, யாருக்காக வெயிட் பண்றே?" கேட்பவர் கெட்டவர் இல்லை. அப்பாவுக்குத் தெரிந்தவராக இருப்பார், அக்கறையில்தான் கேட்பார். ஆனால் கேள்வி வந்துவிட்டது. இனி பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த ஒரு கேள்விக்காகவே குடியாத்தத்தில் ஒரு புதையல் வேட்டை நடத்த வேண்டும். ஊர் நடுவில், கடைத்தெருவில், நடந்தே போகிற வேட்டை.

சிரிப்பு வரலாம். விளையாட்டுக்கும் அந்தக் கேள்விக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் அங்கே வர வேண்டும். புதையல் வேட்டையும் அப்படித்தானே!

முதலில், அது என்ன விளையாட்டு?

காலேஜ் கல்ச்சுரல்ஸ், சிம்போசியம் என்று எங்கே போனாலும் நிகழ்ச்சிப் பட்டியலில் 'ட்ரெஷர் ஹண்ட்' என்று ஒன்று இருக்கும். நாலு பேர் சேர்ந்து பேர் கொடுக்க வேண்டும். கையில் ஒரு சீட்டு, அதில் ஒரு விடுகதை. விடை லைப்ரரி என்றால் லைப்ரரிக்கு ஓட வேண்டும். அங்கே அடுத்த சீட்டு. கடைசியில் ஒரு ஷீல்டு, ஒரு சர்ட்டிஃபிகேட், ஒரு குரூப் போட்டோ. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். காம்பவுண்டு அவ்வளவுதானே.

இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டு போனவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்கிற பல்கலைக்கழகத்தில் 1981ல் பிராட் ஷாஃபர் என்ற மாணவர் ஒரே ஒரு தாளில் சில புதிர்களை எழுதிக் கொடுத்து, வளாகத்தில் ஒளித்து வைத்த ஒரு பழைய காசைக் கண்டுபிடிக்கச் சொன்னார். அந்த ஒரு தாள்தான் இன்றைக்கும் ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிற 'மிஸ்டரி ஹண்ட்' ஆக வளர்ந்திருக்கிறது. ஜெயிக்கிற அணிக்கு என்ன பரிசு தெரியுமா? அடுத்த வருஷத்து வேட்டைக்கு முழுப் புதிரையும் எழுதுகிற வேலை! கேட்கத் தண்டனை மாதிரி இருக்கும். ஆனால் நாற்பது வருஷத்துக்கும் மேலாக அந்த விளையாட்டு சாகாமல் இருப்பதற்கு அந்த விதி ஒரு பெரிய காரணம். நடத்துகிற கமிட்டி கிழடு தட்டிப் போவதில்லை. வருஷத்துக்கு வருஷம் புது ஆள், புது மூளை.

தமிழர்கள் நிறைய வாழ்கிற மலேசியாவில் இன்னொரு வகை உண்டு. கார் புதையல் வேட்டை. ஒரு காரில் நாலு பேர். ஒரு நெடும்பாதை, கையில் ஒரு கட்டுக் கேள்வித்தாள். கேள்விகள் குறுக்கெழுத்துப் புதிர் மாதிரி வார்த்தை விளையாட்டாக இருக்கும். விடை எங்கே? வழியில் இருக்கிற கடைப் பலகைகளில்! ஏதோ ஒரு சலூன், ஏதோ ஒரு டயர் கடை, ஏதோ ஒரு பல் டாக்டர். தினமும் கண்ணில் பட்டும் படிக்காத பலகைதான் விடை.

2000ஆம் வருஷம் மே 2ந் தேதி ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியை ஒளித்து வைத்து, அது இருக்கிற இடத்தின் எண்களை இணையத்தில் போட்டார். அதுதான் ஜியோகேச்சிங். 2016ல் போக்கிமான் கோ வந்தபோது பூங்காக்களிலும் பாலங்களிலும் மனிதர்கள் கும்பல் கும்பலாக நின்றதை டிவியில் பார்த்திருப்பீர்கள். வீட்டை விட்டு வெளியே வந்தார்கள், அதுவரைக்கும் சரி. ஆனால் வந்தவர்கள் பார்த்தது கையில் இருந்த திரையை. தெரு வெறும் பின்னணியாகப் போய்விட்டது. தெருவையே விளையாட்டாக ஆக்கியது மலேசியாக்காரர்களின் முறைதான். குடியாத்தத்துக்கு அந்த முறை பொருந்தும். கார் மட்டும் வேண்டாம்.

குடியாத்தத்தில் புதிர் போட என்ன இருக்கிறது?

சந்தேகம் நியாயமானது. சென்னை என்றால் கோட்டை இருக்கிறது, ஜார்ஜ் டவுன் இருக்கிறது. 2004ல் எஸ்.முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டிசோசா மூவரும் ஆகஸ்ட் 22ஐ 'மெட்ராஸ் டே' என்று கொண்டாட ஆரம்பித்ததிலிருந்து அங்கே தெருத்தெருவாக நடந்து ஊரைப் பார்ப்பது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. அகமதாபாத்தில் அதற்கும் முன்னால், 1997 நவம்பரிலேயே, பழைய ஊருக்குள் நடைப் பயணத்தை மாநகராட்சி தொடங்கிவிட்டது. 2017ல் அந்தப் பழைய ஊர் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. லுங்கிக்கும் தீப்பெட்டிக்கும் பீடிக்கும் பேர் போன குடியாத்தத்தில் நடந்து பார்க்க என்ன இருக்கிறது என்று ஊர்க்காரர்களே கேட்பார்கள்.

பதில் சொல்வதை விட நாலைந்து புதிர் போட்டுக் காட்டுவது சுலபம்.

ஒன்று. "1954ல் ஊர் அவரைக் கரையேற்றியது. இன்று அவர் ஊரைக் கரையேற்றுகிறார்."

காமராஜர் 1954 ஏப்ரலில் முதலமைச்சர் ஆனபோது சட்டமன்ற உறுப்பினர் இல்லை. ஆறு மாசத்துக்குள் எங்காவது ஜெயித்தாக வேண்டும். அவர் நின்று ஜெயித்தது குடியாத்தம் இடைத்தேர்தலில். ஆக, விடை கவுண்டன்ய மகாநதி மேல் இருக்கிற காமராஜர் பாலம். அந்தப் பாலத்தில் தினமும் போய் வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் இந்த ஊரோடு எப்படி ஒட்டியது என்று தெரியும்?

இரண்டு. "பெயருக்குள் ஒரு புலி இருக்கிறது, கொஞ்சம் நீட்டி உறுமும்."

நெல்லூர்பேட்டை கருப்புலீஸ்வரர். எழுத்துக்கூட்டிப் படித்தால் மூணாங்கிளாஸ் பிள்ளை கண்டுபிடித்துவிடும். பி.காம். படிப்பவர்கள்தான் கூகுளில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

மூன்று. "பலகையில் ஊர் இருக்கும். இறங்கிப் பார்த்தால் ஊர் இருக்காது."

குடியாத்தம் ரயில் நிலையம்! ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஸ்டேஷனில் ராத்திரி இறங்கி முழித்தவர்கள் அத்தனை பேரும் உடனே விடை சொல்வார்கள். (இதற்காக அங்கே வரைக்கும் நடக்க வேண்டாம். தாளில் எழுதினால் போதும்.)

நான்கு, காமர்ஸ் மாணவர்களுக்கு. "பதினாலு வருஷம் ஒரே விலையில் நின்றது. 2021 டிசம்பர் 1ந் தேதி இரண்டு மடங்கானது. ஆனாலும் சில்லறைதான்."

தீப்பெட்டி. 2007ல் ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாய் ஆனது, 2021ல் இரண்டு ரூபாய் ஆனது. மூலப்பொருள் விலை ஏறினால் அது நுகர்வோர் தலையில் எப்போது விழும் என்று புத்தகத்தில் படிப்பதை, ஊரின் தொழிலே பாடமாக நடத்திக் காட்டியிருக்கிறது.

ஐந்து. "2021 நவம்பரில் ஆறு ஊருக்குள் வந்தபோது இந்தத் தெருவில் எந்த வீட்டுப் படி வரைக்கும் வந்தது?"

இதற்கு இணையத்தில் விடை இல்லை. கரையோரத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிற ஒரு பாட்டியிடம் போய் "பாட்டி, ஒரு நிமிஷம்" என்று கேட்க வேண்டும். பாட்டி ஒரு நிமிஷத்தில் விட மாட்டார், கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரம்தான் புதையல்.

ஆக, பெரிய கோட்டை தேவையில்லை. நிறைய மனிதர்கள் ஒரே இடத்தில் ரொம்ப நாளாக வாழ்ந்திருந்தால் போதும், புதிர் தானாக விளைந்திருக்கும்.

தனியாக ஜெயிக்க முடியாத ஆட்டம்

வினாடி வினா என்றால் ஒரு அறிவாளி போதும். மற்ற மூணு பேர் பக்கத்தில் உட்கார்ந்து கை தட்டலாம். நல்ல புதையல் வேட்டை அப்படி இருக்கக் கூடாது.

குடியாத்தத்தில் அதைச் செய்வது ரொம்பச் சுலபம். ஊரில் தமிழோடு உருது பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் தெலுங்கும் உண்டு. ஒரு குறிப்பை உருது எழுத்தில் போடுங்கள், ஒன்றைத் தெலுங்கில். ஒன்றைத் தறி தெரிந்தவர்களுக்கு மட்டும் புரிகிற வார்த்தையில். அப்போது ஒரே தெருக்காரர்கள், ஒரே சாதிக்காரர்கள், ஒரே பெஞ்சுக்காரர்கள் சேர்ந்து ஒரு அணி அமைத்தால் பாதியில் நின்றுவிடுவார்கள். ஜெயிக்க ஆசை இருந்தால் இதுவரை பேசாத ஒருத்தரிடம் போய் "எங்க டீமுக்கு வர்றியா?" என்று கேட்டாக வேண்டும். நல்லிணக்கம் பற்றி ஒரு மணி நேரம் மேடையில் பேசுவதை விட இந்த ஒரு கேள்வி மேல்.

அதே மாதிரி அணியில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், அறுபது வயசுக்கு மேல் ஒருத்தர் என்று விதி வைக்கலாம். தாத்தா ஓட முடியாதே? யாருமே ஓடக் கூடாது என்பதும் ஒரு விதி. ஓடினால் மைனஸ் மார்க். அப்போது ஆட்டம் தாத்தாவின் வேகத்துக்கு வந்துவிடும். அந்த வேகத்தில் போனால்தான் பலகைகளையும் படிக்க முடியும்.

ஊர் ஏற்கெனவே வருஷத்துக்கு ஒரு நாள் தெருவுக்கு வருகிறது

இப்போது சும்மா நிற்பது பற்றி.

குடியாத்தத்துக்குத் தெருவை மக்களுக்குத் திறந்துவிடத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. வைகாசி மாசம் முதல் தேதி கெங்கையம்மன் சிரசு திருவிழா. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் சிரசு புறப்பட்டு, ஊர்வலமாக வந்து, ஆற்றோரம் கோபாலபுரத்தில் கெங்கையம்மன் கோயிலில் உடலோடு சேரும். தாய் ரேணுகாவின் தலையை மகன் பரசுராமன் வெட்டியதும், உயிர் திரும்பியபோது அந்தத் தலை வேறொரு பெண்ணின் உடலோடு சேர்ந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தக் கதையை ஊர் தன் தெருக்களையே மேடையாக்கி வருஷா வருஷம் நடத்துகிறது. தலை ஒரு பேட்டையில், உடல் ஒரு புரத்தில். யோசித்தால் இதுவே ஒரு விடுகதை மாதிரிதான் இருக்கிறது!

அன்றைக்கு லட்சக்கணக்கில் கூட்டம். புலி வேஷம், சிலம்பம், தப்பட்டை, வழியெல்லாம் தேங்காய் உடைக்கிற சத்தம். வண்டிகளுக்கு வழி கிடையாது. அம்மா, அத்தை, பாட்டி, கல்யாணமாகாத பெண், கைக்குழந்தைக்காரி என்று எல்லோரும் தெருவில் நிற்பார்கள். மணிக்கணக்காக நிற்பார்கள். யாரும் யாரையும் "இங்கே என்ன வேலை?" என்று கேட்பதில்லை. கேட்க வேண்டியதில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் தெரு பழையபடி ஆகிவிடும். கேள்வியும் திரும்பி வந்துவிடும்.

இதைப் பற்றி 2011ல் ஒரு புத்தகமே வந்திருக்கிறது. 'ஒய் லாய்ட்டர்?' என்று பெயர். எழுதியவர்கள் ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே. மும்பைத் தெருக்களில் பெண்கள் எப்படி நடமாடுகிறார்கள் என்று பார்த்து எழுதியது. மும்பை மாதிரி ஊரிலேயே பெண்கள் வெளியே வரும்போது ஒரு காரணத்தைக் காட்டிக்கொண்டேதான் வர வேண்டியிருக்கிறது என்கிறார்கள். கையில் ஒரு பை, காதில் ஒரு போன், காலில் ஒரு வேகம். வேலையாகப் போகிறேன், வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று உடம்பே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அவர்கள் கேட்பது அந்தக் காரணமே வேண்டாம் என்பது. சும்மா சுற்றுகிற உரிமை.

இங்கே ஒரு நல்ல எதிர்க்கேள்வி வரும். புதையல் வேட்டையும் ஒரு காரணம்தானே? கையில் தாள் இருக்கிறது, அதனால் நிற்கலாம் என்றால், பைக்குப் பதில் ஒரு பேப்பரைக் கொடுத்ததுதானே மிச்சம்?

உண்மைதான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மார்க்கெட்டுக்குப் போகிற பெண்ணின் காரணம் அவளை வேகமாக வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறது. புதிருக்கு விடை தேடுகிற பெண்ணின் காரணம் அவளை அங்கேயே நிறுத்துகிறது. தலையைத் தூக்கிப் பார்க்கச் சொல்கிறது. தெரியாத சந்துக்குள் போகச் சொல்கிறது. கடைக்காரரிடம் எதுவும் வாங்காமல் பேசச் சொல்கிறது. முக்கியமாக, அவள் ஒருத்தி இல்லை. அன்றைக்குக் கடைத்தெரு முழுக்க நூறு பெண்கள் அதையே செய்துகொண்டிருப்பார்கள். ஒருத்தி நின்றால் கேள்வி வரும். நூறு பேர் நின்றால் அது ஊர் வழக்கம். பார்த்துப் பழகிய கண்ணுக்கு அடுத்த வாரம் ஒருத்தி நிற்பதும் அவ்வளவு வித்தியாசமாகத் தெரியாது.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எல்லாம் மாறிவிடுமா? மாறாது. ஆனால் பழக்கம் எங்கேயாவது ஆரம்பிக்க வேண்டுமே. கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் 1974ல் சில சாலைகளை ஞாயிற்றுக்கிழமை காருக்கு மூட ஆரம்பித்தார்கள். இன்றைக்கு அது அந்த ஊரின் அடையாளம். குர்கானில் 2013 நவம்பரில் 'ராஹ்கிரி' என்று அதே மாதிரி ஆரம்பித்தது. 2014ல் சென்னை பெசன்ட் நகரிலும் ஞாயிறு காலையில் சாலையை விளையாடத் திறந்துவிட்டார்கள். இதெல்லாம் பெரிய நகரங்களில், பெரும்பாலும் அகலமான சாலைகளில் நடந்தது.  மைதானம், பார்க், மால் எல்லாம் குறைவாக இருக்கிற சின்ன ஊர்களுக்குத்தான் தெரு இன்னும் அவசியம்.

ஆட்சேபங்கள், ஒவ்வொன்றாக

"டிராஃபிக் என்னாவது?" நியாயம். அதனால்தான் ஞாயிறு காலை ஏழு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும். அதனால்தான் வண்டி கூடாது. பைக்கில் வருகிற அணி அந்த நிமிஷமே வெளியே. புதையல் வேட்டை பைக் ரேஸாக மாறினால் அதைத் தடை செய்ய வேண்டும் என்று முதலில் மனு கொடுக்க வேண்டியவர்கள் அதை நடத்துகிறவர்கள்தான்.

"போலீஸ் என்ன சொல்வார்கள்?" முன்னாலேயே எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். ஒளித்து வைக்கிற பொட்டலம் எதுவுமே இருக்கக் கூடாது. 2007 ஜனவரி 31ந் தேதி அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஒரு கார்ட்டூன் விளம்பரத்துக்காக ஊர் முழுக்க மாட்டிய மின்விளக்குப் பலகைகளை வெடிகுண்டு என்று நினைத்து, பாலங்களையும் சாலைகளையும் மூட வேண்டியதாயிற்று. விளம்பரம் செய்தவர்களுக்கு அது வேடிக்கை, ஊருக்கு அது பீதி. ஆகையால் எதையும் ஒளிக்காத வேட்டை. ஏற்கெனவே ஊரில் இருக்கிற பலகை, கல்வெட்டு, படி, மரம், மனிதர். இவைதான் விடை.

"பெரிய பரிசு வைத்தால் கூட்டம் வருமே?" வரும். கூடவே தில்லுமுல்லும் வரும். 1979ல் இங்கிலாந்தில் கிட் வில்லியம்ஸ் என்ற ஓவியர் 'மாஸ்கரேட்' என்று ஒரு படப் புத்தகம் போட்டார். அதில் இருக்கிற புதிரை விடுவித்தால், மண்ணில் புதைத்து வைத்த ஒரு தங்க முயல் கிடைக்கும். நாடு முழுக்கப் பைத்தியமாக அலைந்தார்கள். அடுத்தவர் தோட்டங்களைக் கூடத் தோண்டினார்கள். 1982ல் ஒருவர் முயலை எடுத்தார். அவர் புதிரை நேர்மையாக விடுவிக்கவில்லை, ஓவியரின் முன்னாள் தோழி வழியாக வந்த தகவல் அவருக்கு உதவியது என்று 1988ல் பத்திரிகையில் வெளிவந்தது. தங்கம் வைத்தால் தோண்டுவார்கள். துண்டு வைத்தால் விளையாடுவார்கள்.

"ஸ்பான்சர் பிடித்தால் என்ன?" கவனம் தேவை. போக்கிமான் கோ ஜப்பானில் வந்தபோது மெக்டொனால்ட்ஸ் கடைகளே விளையாட்டின் இடங்களாக ஆயின. பணம் கொடுத்த கடைக்குத்தான் வேட்டை போகும் என்றால் அது நடமாடும் நோட்டீஸ். குடியாத்தத்தில் ஒரு குறிப்புக்குக் கடைப் பலகை தேவை என்றால், அது பஞ்சர் ஒட்டுகிறவரின் கையெழுத்துப் பலகையாகவும் இருக்கலாம். தேர்வு செய்ய வேண்டியது புதிர், பணம் இல்லை. கடைக்காரர்களுக்கு இதில் நஷ்டம் எதுவும் இல்லை. இருபது வருஷமாக யாரும் நிமிர்ந்து பார்க்காத பலகையை ஒரே காலையில் இருநூறு பேர் எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள்.

"பொண்ணுங்களுக்குப் பாதுகாப்பு?" இதைக் கேட்கும் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. பதில் கூட்டம்தான். காலி தெருவை விட ஆள் நிறைந்த தெரு பாதுகாப்பானது. மூலைக்கு மூலை தன்னார்வலர் இருப்பார். அணியில் ஒரு தாத்தாவோ பாட்டியோ கூடவே வருவார். முடிந்தால் கேட்கிற அம்மாவையும் ஒரு அணியில் சேர்த்துவிடலாம். விடையை முதலில் சொல்லப் போவதே அவராக இருக்கலாம்.

"படிக்கிற பிள்ளைகளுக்கு இதெல்லாம் தேவையா?" இதற்குப் பதில் மேலே உள்ள ஐந்து புதிர்கள். வரலாறு ஒன்று, மொழி ஒன்று, ஊர் அமைப்பு ஒன்று, பொருளாதாரம் ஒன்று, மனிதர் ஒன்று. எந்த செமஸ்டரில் இவ்வளவும் ஒரே காலையில் நடத்துகிறார்கள்?

கணக்கு

ஆசையாகப் பேசுவது சுலபம், காசு? சுமாரான விலை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். 40 அணி, அணிக்கு 5 பேர், மொத்தம் 200 பேர்.

செலவு: கேள்வித்தாள் அணிக்கு 2 பிரதி, பிரதிக்கு 4 பக்கம், பக்கம் 2 ரூபாய் என்றால் 640. தண்ணீர் கேன் பத்து, 400. தன்னார்வலர் இருபது பேருக்கு டீயும் பன்னும் 600. முதலுதவிப் பெட்டி, பேனா, இதர செலவு 300. பரிசுக்கு உள்ளூர்க் கைத்தறியில் ஐந்து உருப்படி, கூடவே ஆளுக்கு ஒரு கட்டுத் தீப்பெட்டி, 1200. ஆக மொத்தம் 3140 ரூபாய்.

வரவு: தலைக்கு 20 ரூபாய் என்றால் 4000. மிச்சம் 860. அது அடுத்த வருஷத்துக்கு ஆரம்ப இருப்பு.

ஒரு ஃபிளெக்ஸ் பேனர் கூட இந்தக் கணக்கில் இல்லை என்பதைக் கவனிக்கவும். தேவையில்லை. வாய் வார்த்தை போதும்.

கணக்கில் வராத ஒரு வரவும் இருக்கிறது. இருநூறு பேர் கண்ணைத் திறந்துகொண்டு மூணு மணி நேரம் ஊருக்குள் நடந்தால், எங்கே நடைபாதை இல்லை, எங்கே சாக்கடை மூடி உடைந்திருக்கிறது, எந்தத் திருப்பத்தில் பாட்டியால் சாலையைக் கடக்க முடியவில்லை என்று எல்லாம் தெரிந்துவிடும். கேள்வித்தாளின் பின்பக்கத்தில் அதை எழுதச் சொல்லி, தொகுத்து நகராட்சிக்குக் கொடுத்தால், அது ஒரு ஆய்வறிக்கை. இலவசமாக.

ஜெயித்தவர்களுக்கு எம்.ஐ.டி. விதிதான். அடுத்த வருஷத்து வேட்டையை அவர்கள் எழுத வேண்டும். உருது தெரிந்த பெண்ணும், தறி தெரிந்த பையனும், அறுபது தாண்டிய தாத்தாவும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஊருக்குப் புதிர் போடுவார்கள். அதற்காக ஒரு வருஷம் ஊரைச் சுற்றிப் பார்ப்பார்கள். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று பக்கத்து ஊர்க்காரர்கள் பார்த்துவிட்டு அவரவர் ஊரில் ஆரம்பித்தால் இன்னும் நல்லது. தோல் வாசனையையும் பிரியாணி வாசனையையும் வைத்தே புதிர் போடலாம்!

கடைசிக் குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு யோசனை. எல்லா விடைகளையும் கண்டுபிடித்து முடித்த அணியின் கையில் இந்தச் சீட்டைக் கொடுக்க வேண்டும்:

"கடைத்தெரு நடுவில் பத்து நிமிஷம் ஐந்து பேரும் நில்லுங்கள். தேட எதுவும் இல்லை. எழுத எதுவும் இல்லை. யாராவது வந்து இங்கே என்ன வேலை என்று கேட்டால், சும்மா என்று சொல்லுங்கள். அதுதான் விடை."